அண்ணனுக்கு நான் பட்டிருப்பது கடனா?

வாசகி கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 23 வயது. சென்னையில் எம்.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருப்பூர் பக்கம். அப்பா இல்லை. அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனார். இப்போது கட்டிங் மாஸ்டர். என்னைப் படிக்க வைப்பது அவர்தான். அறவியல், அரசியல் தத்துவம் பக்கம் பிஎச்.டி. செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. எது நியாயம், யாருக்கு என்ன சேர வேண்டும் என்ற கேள்விகள் தூங்கும்போதும் விடுவதில்லை. வீட்டில் அம்மா டிஎன்பிஎஸ்சி எழுதச் சொல்கிறார். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், "தியரி எல்லாம் உனக்கு எதுக்கும்மா, பனியன் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சர்வே எடு, சீக்கிரம் முடியும்" என்கிறார். அண்ணனிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்கிறார். அவருக்கு 29 வயது. எனக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். இன்னும் ஐந்து வருடம் படிக்கிறேன் என்று அவரிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வேலை பற்றியது. அதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிடலாம். இன்னொன்று உன் கடைசி வரியில் இருக்கிறது. நீ எந்தத் துறைக்குள் போக ஆசைப்படுகிறாயோ, அந்தத் துறையின் கேள்வியேதான் அது. அதை அவசரப்பட்டுத் தொட எனக்கு மனமில்லை. முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் தத்துவத்துக்கென்று தனித் துறை இருக்கும் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கேயும் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் உடனே நிரம்புவதில்லை. வெளியே போனால் புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி பல்கலைக்கழகங்கள், ஜேஎன்யு, ஐஐடிகளில் உள்ள கலை மற்றும் சமூக அறிவியல் துறைகள், சில தனியார் பல்கலைக்கழகங்கள் என்று பட்டியல் கொஞ்சம் நீளும். அரசியல் தத்துவத்தை அரசியல் அறிவியல் துறையிலும் நடத்துகிறார்கள். ஆனால் அங்கே வேலைக்கு விண்ணப்பித்தால், உன் எம்.ஏ. வேறு பாடம் என்று ஓரமாக எடுத்து வைத்துவிட வாய்ப்புண்டு. நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் நல்ல சம்பளம்தான், உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை ஊதியமே 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நடுவில் வருகிற வருடங்களைப் பற்றித்தான் நீ யோசிக்க வேண்டும். நான் முதல் ஆறு வருடம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். மே மாதச் சம்பளம் கிடையாது. ஜூன் வந்தால் மறுபடி கூப்பிடுவார்களா என்று தெரியாது. பாடம் நடத்துகிற சந்தோஷம் அந்தப் பயத்தைப் போக்கவில்லை. இதைச் சொல்லாமல் "ஆசைப்பட்டதைப் படி" என்று உனக்கு எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

அதனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேராதே. கடன் வாங்கிச் சேராதே, அண்ணன் காசிலும் சேராதே. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய், மொத்தம் ஐந்து வருடம்வரை கிடைக்கும். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அது இல்லாமல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய்தான் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 29,000 ரூபாய் இல்லை. முதலாவதில் நீ வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்ப முடியும். இரண்டாவதில் அண்ணன் உனக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தத்துவப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். இந்திய அறவியல், மேற்கத்திய அறவியல், இந்தியச் சமூக அரசியல் தத்துவம், மேற்கத்தியச் சமூக அரசியல் தத்துவம் என்று நான்கு அலகுகள் நேராக உன் வயல். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது தர்க்கவியலிலும் இந்திய அறிவுக் கோட்பாட்டிலும்தான். அங்கே நேரம் போடு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் இல்லை. அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. ஆக வயது உனக்குப் பிரச்சினை இல்லை. ஆனாலும் ஒரு எல்லை வைத்துக்கொள். இரண்டு வருடம், நான்கு தேர்வு. அதற்குள் வரவில்லை என்றால் வேறு பாதை. இந்தத் தேதியை மனதில் மட்டும் வைத்திருக்காதே, அம்மாவிடமும் சொல்லிவிடு.

டிஎன்பிஎஸ்சியை நான் தள்ளிப் பேசவில்லை. ஆனால் காலையில் அதற்கும் ராத்திரியில் இதற்கும் என்று படித்து இரண்டையும் இழந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போ. அப்படியே போக நேர்ந்தாலும் படித்தது வீணாகாது. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் அறவியலுக்கென்றே 2013 முதல் 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. தத்துவத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

வெளிநாடு பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நல்ல தத்துவத் துறைகள் பிஎச்.டி. மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகையும் தருகின்றன. ஐந்தாறு வருடம் ஆகும், பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் ஒரு வருட எம்.ஏ. என்று விளம்பரம் வரும். உதவித்தொகை இல்லாமல் அதற்குப் போகாதே, லட்சக்கணக்கில் கடன்தான் மிஞ்சும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியலைவிட அங்கே அதிகம் பார்ப்பது நீ எழுதிய ஒரு கட்டுரையை. பதினைந்து இருபது பக்கம் இருக்கும், ஒரே ஒரு கேள்வி, அதற்கு நீயே கட்டிய வாதம். சரி, அந்தக் கட்டுரைக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கேள்விகள் தூங்கும்போதும் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் இந்தத் தொழிலில் கேள்வி வருவது ஒரு பங்குதான். மீதி எல்லாம் எழுதுவது, எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது, திரும்ப எழுதுவது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் நீதியைப் பற்றிய தன் அடிப்படை எண்ணத்தைக் கட்டுரையாக வெளியிட்டது 1958இல். அது புத்தகமாக வந்தது 1971இல். நடுவில் பதிமூன்று வருடம் திருத்தினார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கி எழுதிக்கொண்டிருந்த ஆய்வு மையத்தில் யாரோ தீ வைத்தார்கள். தட்டச்சுப் பிரதி தண்ணீரில் ஊறிவிட்டது. அதைத் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்து எடுத்தார். அந்தப் பொறுமை உனக்கு ஒட்டுகிறதா என்று யாராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரு கட்டுரையை நான்கு முறை அடியோடு மாற்றி எழுதிப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். நான்காவது முறையும் உட்கார மனம் வந்தால் இந்தத் தொழில் உனக்கு ஆகும். வெறுத்துப்போனால் அதிலும் குறை ஒன்றுமில்லை. படிக்கப் பிடிக்கிறது, எழுதப் பிடிக்கவில்லை என்று பொருள். படிப்பதற்குப் பேராசிரியர் ஆக வேண்டியதில்லை.

எதைப் பற்றி எழுதுவது? இங்கேதான் உன் பேராசிரியர் சொன்னது வருகிறது. சர்வே கீழான வேலை இல்லை. திருப்பூரைப் பற்றி நல்ல ஆய்வுகள் வேண்டும், செய்கிறவர்களை மதிக்கிறேன். ஆனால் "தியரி உனக்கு எதுக்கு" என்ற அந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. 2002இல் அரசியல் கோட்பாட்டாளர் கோபால் குரு, எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் இதைப் பற்றித்தான் எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பிராமணர்கள் என்றும் தரவுச் சூத்திரர்கள் என்றும் ஒரு பிரிவினை இருக்கிறது என்றார். பட்டவர்கள் தகவல் தர வேண்டும், அதிலிருந்து கோட்பாடு செய்வது இன்னொருவர் வேலை என்கிற ஏற்பாடு அது. அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் என்ன உறவு என்று அவரும் தத்துவவாதி சுந்தர் சருக்கையும் நடத்திய விவாதம் 2012இல் புத்தகமாகவே வந்தது. அதைத் தேடிப் படி. பனியன் கம்பெனி வீட்டிலிருந்து வந்ததால் பனியன் கம்பெனியைப் பற்றிய புள்ளிவிவரம்தான் நீ தர வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கூலி என்றால் என்ன, யாருக்கு எது சேர வேண்டும் என்று கேட்க உனக்கு முழுத் தகுதி இருக்கிறது. வேறு வழிகாட்டியைத் தேடு. சண்டை வேண்டாம், மரியாதையாகவே விலகலாம்.

இப்போது உன் அண்ணன்.

அவர் படிப்பை நிறுத்தியதால் நீ படித்தாய். அதனால் கடன்பட்டிருக்கிறாய், கடன்பட்டவள் இன்னும் கேட்கலாமா என்பதுதான் உன் தவிப்பு. ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவவாதியின் கட்டுரை ஒன்று 1979இல் வெளிவந்தது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது கேள்வி. கடன் என்ற சொல்லே அங்கே பொருந்தாது என்பது அவர் பதில். அறிமுகமில்லாத பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் தபாலை எடுத்து வைக்கச் சொன்னால், பதிலுக்கு ஒரு நாள் அவர் செய்ய வேண்டும். செய்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. நட்பில் அப்படி இல்லை. அங்கே அன்பினால் செய்கிறோம், முடிந்ததைச் செய்கிறோம், செய்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. குடும்பமும் அந்த இரண்டாவது வகை என்கிறார்.

முதலில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் உறுத்தியது. நட்பு முறிந்தால் நண்பனுக்குச் செய்ய வேண்டியதும் முடிந்துவிடும். அண்ணனுக்கு அப்படியா? நம்மிடம் இருக்கும் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார். "செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது" என்று தொடங்குகிறது. எதையும் முன்னால் பெறாமல் ஒருவர் செய்த உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது. அடைக்கவே முடியாத ஒன்றைக் கடன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு குறளில் வள்ளுவர், "உதவி வரைத்தன்று உதவி உதவி செயப்பட்டார் சால்பின் வரைத்து" என்கிறார். உதவியின் அளவு, பெற்றுக்கொண்டவரின் பண்பைப் பொறுத்தது. அப்படியானால் உன் அண்ணன் செய்ததன் அளவு உன்னிடம் இருக்கிறது, அவர் போட்ட பணத்தில் இல்லை. ஆனால் அதே அதிகாரம் முடியும் இடத்தில் "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்று கடுமையாக நிற்கிறது. எந்த அறத்தை அழித்தவனுக்கும் மீட்சி உண்டு, இவனுக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை மறப்பது மட்டும் ஏன் மன்னிக்க முடியாததாகிறது? ஜேன் இங்கிலிஷிடம் இதற்குப் பதில் இல்லை என்று நினைக்கிறேன். குறளிலும் பதில் நேராக எழுதி வைக்கப்படவில்லை, நாம்தான் கட்டி எழுப்ப வேண்டும். மகளே, இதுதான் உன் இருபது பக்கம். உன்னைவிட இதை யார் எழுதுவார்கள்? ஒன்று மட்டும் கவனம். குறள் பெருமையாகவோ உன் கதையாகவோ அதை ஆக்கிவிடாதே. வாதமாக எழுது. உன்னை மறுக்கிறவர் என்ன சொல்வார் என்பதை அவரைவிட நன்றாக நீயே எழுதி வைத்துவிட்டு, பிறகு பதில் சொல்.

உரிமை இருக்கிறதா என்று கேட்டாய். உன் அண்ணனிடம் இன்னும் ஐந்து வருடத்தை எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் தானாகக் கொடுத்தாலும் நீ வாங்கக் கூடாது. அதற்காகத்தான் உதவித்தொகை இல்லாமல் சேராதே என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஆனால் உன்னுடைய ஐந்து வருடத்தை நீ எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் உன் மனதில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்.

"உன் இஷ்டம்" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் பல இருக்கும். பெருமை இருக்கும், களைப்பு இருக்கும், கேட்டாலும் என்ன ஆகப்போகிறது என்பதும் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது "படிக்கட்டுமா?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. எம்.ஏ. முடிந்ததும் அவர் பணம் அனுப்புவதை நிறுத்தலாம் என்று நீயே சொல். நெட்டுக்குப் படிக்கிற காலத்துக்கு ஒரு பகுதிநேர வேலை, டியூஷனோ மொழிபெயர்ப்போ, பார்த்துக்கொண்டு அதையும் சொல். இரண்டு வருட எல்லையைச் சொல். கல்யாணத்தை இனித் தள்ள வேண்டாம் என்று சொல். அதன் பிறகு, பத்தாவதோடு நிறுத்தியபோது அவர் மனதில் என்ன இருந்தது என்று கேள். இத்தனை வருடத்தில் நீ அதைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் சொல்கிற பதில் உன் கட்டுரைக்கு எதிராகவே கூட இருக்கலாம்.

எழுதிய முதல் வடிவத்தைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.