விசா மறுத்துவிட்டார்கள், இனி என்ன? கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, விசாக் கோப்புகள் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: அண்ணா, தங்கச்சியைப் பார்க்க லண்டனுக்கு விசிட் விசா போட்டேன். கணக்கில் 21 இலட்சம் இருந்தும், பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். அப்பீல் பண்ணலாமா?

விசிட் விசாவுக்கு அப்பீல் இல்லை தம்பி. நீதிமன்றம் போகலாம், ஆனால் செலவு தாங்காது. மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி, அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அதே கோப்பைக் கொடுத்தால் அதே கடிதம்தான் திரும்பி வரும்.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை சில ஆயிரங்கள்தான். மார்ச் 11ஆம் தேதி ஒரே வரியில் 19 இலட்சம். நம்மவர்கள் பார்த்தால் பெரும்போக வேளாண்மைக் காசு என்று உடனே சொல்லிவிடுவார்கள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கோ அது விசாவுக்காக யாரோ கைமாற்றாகப் போட்ட பணம். அவருக்கு நம் வயலைக் காட்டுங்கள். காணி உறுதி அல்லது பெர்மிட், கமநல சேவை நிலையப் பதிவு, வயல்வெளியைக் கவனிக்கும் வட்டை விதானையின் கடிதம், நெல் வாங்கிய ஆலைக்காரர் தந்த பில் எல்லாம் வேண்டும். தமிழில் இருப்பவற்றை மொழிபெயர்த்து வையுங்கள். வருடத்தில் இரண்டு போகம், அறுவடை முடிந்துதான் காசு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். போன வருட மார்ச் ஸ்டேட்மென்டையும் சேருங்கள். அதிலும் இதே மாதிரித் தொகை விழுந்திருந்தால், அதைவிடப் பலமான சாட்சி வேறில்லை.

காத்தான்குடியிலிருந்து: தம்பி, மகனின் பிரித்தானிய ஸ்டூடன்ட் விசா போய்விட்டது. பணம் 28 நாள் இருக்கவில்லையாம். மீளாய்வு கேட்கவா?

மீளாய்வு அதிகாரி விட்ட பிழையைத் திருத்தத்தான் காக்கா. முடிவு கிடைத்து 28 நாளுக்குள் கேட்க வேண்டும், கட்டணம் 80 பவுண்ட். அவர்கள் நாளைப் பிழையாக எண்ணியிருந்தால் கேளுங்கள். உண்மையில் இடையில் எடுத்திருந்தால் 80 பவுண்டும் வீண். பணத்தை மறுபடி 28 நாள் தொடாமல் வைத்து, அந்த ஸ்டேட்மென்டின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்திடம் புதிய சி.ஏ.எஸ். (படிக்க இடம் தந்ததற்கான உறுதி எண்) கேட்க வேண்டும், பழையது செல்லாது. கணக்கு உங்கள் பெயரில் என்றால் மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் உங்கள் சம்மதக் கடிதமும் மறக்க வேண்டாம்.

கல்முனையிலிருந்து: அம்மாவுக்கு கனடா விசிட் விசா மறுப்பு. திரும்பிப் போவார் என்று நம்பிக்கை இல்லை என்று ஒரு வரி மட்டும்தான்.

அந்த ஒரு வரியை வைத்து எதையும் திருத்த முடியாது. அதிகாரி எழுதிய உள்குறிப்பு வேண்டும். கடிதத்தோடு வரவில்லையென்றால், கனடாவில் இருக்கும் அண்ணா அம்மாவின் சம்மதக் கையொப்பத்தோடு தகவல் உரிமையில் கேட்கலாம், 5 டொலர்தான். அம்மாவின் ஓய்வூதியம், இங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகள், வீடு இவற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். நீதிமன்றம் போகும் எண்ணம் இருந்தால் 60 நாள்தான் தவணை.

வாழைச்சேனையிலிருந்து: முந்தின விசா மறுப்பைப் புதுப் படிவத்தில் போட வேண்டாம் என்கிறார் ஏஜென்ட்.

போடுங்கள் தங்கச்சி, கட்டாயம் போடுங்கள். மறுப்பு ஒரு குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். பொய் என்று பிடிபட்டால் கனடா 5 வருடம், பிரித்தானியா 10 வருடம் வரை தடை போடும். இந்த நாடுகள் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் பகிர்கின்றன. தடை உங்கள் பெயரில்தான் விழும், ஏஜென்டின் பெயரில் இல்லை. அவர் நிரப்பிய படிவத்தை முழுதாக வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். வாசிக்கத் தராவிட்டால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: சுவிஸில் மகள். எங்களுக்கு மறுப்பு.

சுவிஸில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் ஐயா, 30 நாளுக்குள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும், கட்டணமும் முன்கூட்டியே கேட்பார்கள். மகளையே எழுதச் சொல்லுங்கள். கடிதம் கைக்குக் கிடைத்த தேதியை இன்றே அதன் மேல் குறித்து வையுங்கள்.