கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் நான். மார்பை எடுக்காமல் செய்யும் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் யாருக்கும் இதுதான் சிகிச்சை என்று சொல்ல முடியாது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 54 வயது, 2 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். பெரியம்மா, சித்தி எல்லாரும் "முழுசா எடுத்துரு, மிச்சம் வச்சா திரும்ப வரும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி, டாக்டரம்மா?

டாக்டர் சொல்வதுதான். சித்தியின் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1973-ல் தொடங்கி இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்ற டாக்டர் சிறிய கட்டி இருந்த 701 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மார்பை முழுவதும் எடுத்தார், மீதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார். 20 வருடம் கழித்துப் பார்த்தால் உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. அதே இடத்தில் திரும்ப வந்தது மட்டும் முழுதும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம், மார்பைக் காப்பாற்றியவர்களில் 8.8. அப்படி வந்தாலும் திரும்ப ஆபரேஷன் செய்ய வழி இருக்கிறது. இன்றைய மருந்துகளோடு அந்த எண்ணிக்கை இன்னும் குறைந்துவிட்டது.

திருமங்கலம்: கரண்ட் வைக்காமல் ஆபரேஷனோடு விட்டுவிடலாமா மேடம்? தினமும் பஸ் ஏறி வரணுமே.

இதில்தான் நம்ம ஊரில் நிறையப் பேர் வழுக்கிவிடுகிறார்கள். ஆபரேஷன் பாதி வேலைதான், நீங்கள் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சுதான் மீதி. அமெரிக்காவில் ஃபிஷர் என்ற டாக்டர் நடத்திய ஆய்வில் கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் 20 வருடத்துக்குள் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, கொடுத்தவர்களில் 14. முன்பு ஐந்து வாரம் அலைய வேண்டியிருந்தது, இப்போது பெரும்பாலும் மூன்று வாரம், 15 நாள், அதுவும் மெஷினுக்கு அடியில் சில நிமிடம்தான் படுப்பீர்கள், ஷாக் எதுவும் அடிக்காது. நம் பெரியாஸ்பத்திரியின் பாலரெங்கபுரம் பிரிவிலேயே இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு போங்கள். எழுபதைத் தாண்டியவர், சின்னக் கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), அதற்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால் சிலருக்குக் கரண்டை விடுவதுண்டு. மற்றபடி மூன்று வாரம் வரவே முடியாது என்றால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அப்போது முழுதும் எடுப்பதுதான் நல்லது.

உசிலம்பட்டி: அக்காவுக்குச் சாதாரணக் கட்டி என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இப்போது கேன்சர், மார்ஜின் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட். இனி மார்பு போய்விடுமா?

இதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, உங்கள் மேல் இல்லை. முதலில் ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். (ஊசி குத்தினால் பரவும் என்பது வெறும் பயம், பரவாது.) எடுத்த சதையின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசித்தான் லேபில் பார்ப்பார்கள், மை பட்ட இடத்தில் கேன்சர் செல் இருந்தால் பாசிட்டிவ், அதாவது உள்ளே மிச்சம் இருக்கலாம். அந்தக் குழியைச் சுற்றி இன்னொரு சுற்று எடுத்து மார்பைக் காப்பாற்றிவிட முடிகிறது, பலருக்கும். லேபில் இருக்கும் ஸ்லைடு, பிளாக் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது.

சோழவந்தான்: எனக்கு 4 செ.மீ. என்கிறார்கள். வாய்ப்பே இல்லையா?

உங்கள் மார்பின் அளவுக்கு அது எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிப் பார்க்கலாம், ஆனால் தொடங்கும் முன் கட்டிக்குள் அடையாளத்துக்கு ஒரு குட்டி கிளிப் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் எந்த இடத்தை வெட்டுவது என்று தேட வேண்டியிருக்கும். பள்ளம் விழுமோ என்ற கவலைக்கு, பக்கத்துச் சதையை நகர்த்தியோ முதுகுத் தசையைத் திருப்பியோ நிரப்பும் வழிகள் உண்டு.

அண்ணாநகர்: அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்தால் கை வீங்கும் என்கிறார்களே?

எல்லா நெறியையும் எடுத்தால் சிலருக்கு வீங்கும். அதனால்தான் இப்போது நீலச்சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம், அவை சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடுவதில்லை. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பதறிப்போய் நடுராத்திரி நர்ஸைக் கூப்பிட வேண்டாம்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு 61. "இந்த வயசுல அது எதுக்கு, எடுத்துரலாம்" என்றேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருப்பது சரிதான் என்பேன் அண்ணே. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள், அவர் மட்டும் உள்ளே போகட்டும்.