11 நாளில் 5 நகரங்கள்: தேனிலவுக்கு இந்த ஓட்டம் ஆகுமா?

வாசகர் கேள்வி பதில்

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குவதால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தேனிலவைப் பற்றியே இருந்தன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு வைகாசி கடைசியில் திருமணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. அவருக்குக் கிடைக்கும் 11 நாள் விடுப்பில் பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் ஆகிய ஐந்து ஊர்களையும் பார்த்துவிட விரும்புகிறோம். எனக்கும் ஊர் ஊராகச் சுற்றுவதுதான் பிடிக்கும். ஆனால் பெரியம்மாவும் அத்தையும், "புதுசா கல்யாணம் ஆனவங்க ஒரு இடத்துல நிம்மதியா இருந்துட்டு வராம, எதுக்கு இந்த ஓட்டம்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: இருவருக்குமே சுற்றுவதில் விருப்பம் இருக்கும்போது, கடற்கரை விடுதி ஒன்றில் ஐந்து நாள் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு ஓய்வாக இராது, மூன்றாம் நாளே சலிப்புத் தட்டும். எனவே தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் பெரியம்மாவின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. வேகமான பயணத்தில் மனிதரைக் களைப்படையச் செய்வது நகரங்களின் எண்ணிக்கையன்று. விடுதி மாறும் எண்ணிக்கைதான். விடுதி மாறும் ஒவ்வொரு முறையும் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் பிற்பகல் அறை கிடைக்கும்வரை பெட்டியோடு காத்திருந்து, அரை நாளை இழக்கிறோம். ஐந்து ஊர்களையும் நான்கே விடுதிகளில் தங்கிப் பார்க்க முடியும் என்பதால், அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போக்குவரத்து போக உங்களுக்கு ஒன்பது இரவுகள் மிஞ்சும். பாரிஸில் மூன்று, லூசெர்னில் மூன்று, வெனிஸில் ஒன்று, ரோமில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸில் தங்க வேண்டாம். வெனிஸிலிருந்து ரோமுக்குச் செல்லும் அதிவேக ரயில்கள் ஃபிளாரன்ஸ் வழியாகவே போகின்றன; வெனிஸிலிருந்து அங்கே சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். காலை ரயிலில் ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கி, அங்கேயுள்ள பெட்டி வைப்பகத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டால், பெரிய தேவாலயத்தையும் பழைய பாலத்தையும் கைவீசி நடந்தே பார்த்துவிட்டு, மாலை ரயிலில் ரோமுக்குப் போய்விடலாம். விமானச் சீட்டு எடுக்கும்போது பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவதாக, 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் தேடுங்கள். திரும்புவதற்காக மீண்டும் பாரிஸுக்குப் போவது ஒரு நாளையும் ஒரு ரயில் கட்டணத்தையும் வீணாக்கும்.

வெனிஸில் ஓரிரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் வருகிற பெருங்கூட்டம் மாலையில் ரயிலேறிப் போய்விடும். இரவிலும் விடியற்காலையிலும் கால்வாய் ஓரங்கள் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. ஆனால் அந்த ஊருக்குள் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் ஏறவும் படி, இறங்கவும் படி. சக்கரம் வைத்த பெட்டியானாலும் ஒவ்வொரு பாலத்திலும் அதைக் கையில் தூக்கித்தான் ஆக வேண்டும். நான்கு பாலம் தாண்டுவதற்குள் புதுமாப்பிள்ளையின் முகம் மாறிவிடும். எனவே சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, முடிந்தால் பாலம் எதையும் கடக்காமல் போகக்கூடிய விடுதியாகப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டியும் ஒரு தோள்பையும் போதும். பட்டுப்புடவையும் நகைகளும் குடியாத்தத்திலேயே இருக்கட்டும். தாலியும் ஒரு மெல்லிய சங்கிலியும் போதுமானவை.

விசா விஷயத்தில் உங்கள் திட்டத்துக்கே உரிய நுணுக்கம் ஒன்றுண்டு. இந்த மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் சொன்ன கணக்கில் பிரான்ஸுக்கு மூன்று, சுவிட்சர்லாந்துக்கு மூன்று, இத்தாலிக்கு மூன்று என இரவுகள் சமமாகிவிடுவதால், முதலில் நுழையும் நாடான பிரான்ஸிடம் விண்ணப்பிப்பதே முறை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், நிச்சயம் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள். திருமணத்துக்கு முன்பே இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, அழைப்பிதழையும் இணைக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

தாலி கட்டிய மறுநாளே விமானம் ஏறாதீர்கள். நம் பக்கத்துத் திருமணம் ஒரு நாளில் முடிவதில்லை. வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்துக்கு அழைக்கும் உறவுகள் என்று நீளும். உங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த உறவினர்களைக் கவனித்த களைப்பும் சேர்ந்திருக்கும். ஒரு வாரமாவது தூங்கி எழுந்து, ஆடி பிறப்பதற்குள் போய்த் திரும்புங்கள். அப்போது இன்னொரு நன்மையும் உண்டு. ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. ஆகவே காலை ஏழு மணிக்கே அடித்துப் பிடித்துக் கிளம்ப வேண்டியதில்லை. மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் ஒரு முழு மாலைப்பொழுது மீதமிருக்கும். முதல் நாள் மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள கோடைக்கால நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அதிகாலையிலேயே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காமல் எழுந்து டிரோகாதெரோ திடலுக்குப் போனால், ஈஃபில் கோபுரத்தை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம்.

ஒரு நாளுக்கு ஒரு முன்பதிவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வாத்திகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ரோமில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள் என்பதால், வாத்திகனா கொலோசியமா என்பதை இங்கேயே பேசி முடிவெடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் வரிசையில் நின்றதுதான் நினைவில் இருக்கும். லூசெர்னில் இந்தக் கெடுபிடி வேண்டாம். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்துவிட்டால் ரயில், ஏரிப் படகு, ரிகி மலை ரயில் எல்லாமே அதில் அடக்கம். 1871இல் ஃபிட்ஸ்நாவிலிருந்து ரிகிக்குப் போடப்பட்ட பற்சக்கர ரயில் பாதைதான் அந்த வகையில் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் பாதை. பயணத்தின் நடுவில் வரும் அந்த மூன்று இரவுகள்தாம் உங்கள் ஓய்வு. அவற்றை இன்டர்லாக்கன், சூரிச் என்று பங்கு போட்டுவிடாதீர்கள்.

நான் முக்கியமாகக் கருதுவது ரயில் நேரத்தை. பாரிஸிலிருந்து பாசெல் வழியாக லூசெர்னுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். லூசெர்னிலிருந்து மிலான் வழியாக வெனிஸுக்கு ஆறு மணி நேரம், அதில் 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டார்ட் சுரங்கப்பாதையும் வரும். இவற்றை வீணான நேரம் என்று பலர் விமானத்தைத் தேடுகிறார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்தில், தொலைபேசியில் மட்டுமே பேசிப் பழகிய இருவர், உறவினர் யாரும் எட்டிப் பார்க்காத ஐந்து மணி நேரம் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல இடம் எது? ஜன்னலோரத்தில் ஏரி வந்தால் பேச்சை நிறுத்திப் பார்ப்பீர்கள், அது போனதும் தொடர்வீர்கள். பெரியம்மா கேட்கும் நிம்மதி உங்களுக்கு அந்த ரயிலில் கிடைக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியில் படங்களைத் திருத்திப் பதிவேற்றிக்கொண்டு இருந்துவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

சண்டை வருமா என்றால், வரும். வெளியூரில் புதுத்தம்பதியரின் சண்டைக்குப் பெரும்பாலும் பசியும் கால்வலியுமே காரணம். ஒரு நாள் அவர் சொல்கிறபடி, மறுநாள் நீங்கள் சொல்கிறபடி என்று வைத்துக்கொண்டால், நடுத்தெருவில் நின்று வாதாட வேண்டியிராது.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது; குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ளது. தேனிலவுக்கு ஐரோப்பா போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்க நினைக்கிறோம். மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயரைச் சேர்த்தாக வேண்டுமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: மனைவியின் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. திருமணத்துக்குப் பின்னும் தந்தை பெயருடனே பயணம் செய்யலாம். சீட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருந்தால் போதும். அழைப்பிதழில் அச்சிட்ட பெயரில் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது உங்கள் பாஸ்போர்ட்டைத்தான். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இனிஷியலோடு வாழும் நம் ஊர்க்காரர்கள் பலரை இது பாதிக்கிறது. நாள் இருந்தால் தந்தை பெயரை விரித்து எழுதிப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்; வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே விசாவுக்கும் சீட்டுக்கும் பணம் கட்டுங்கள். நாள் இல்லையென்றால் துபாயில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு நேராக ஐரோப்பாவுக்குப் போவதே நல்லது.

கேள்வி: நாங்கள் இருவரும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். ஐரோப்பா எங்களுக்கு எட்டாது. விடுப்பும் ஆறு நாள்தான். ஆனால் வெளிநாட்டில் இரண்டு மூன்று ஊராவது பார்க்க ஆசை.
— வாசகி, ஆம்பூர்

பதில்: நல்ல ஆசை. சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர் என்று போங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து நேராகச் சென்னைக்குத் திரும்பலாம். இடையில் பேருந்துதான். சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு நான்கு மணி நேரம் போல ஆகும். எல்லைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏற வேண்டும், வெள்ளி மாலையும் விடுமுறை நாளும் நெரிசல். மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் இரண்டு மணி நேரம்.

பலர் மலாக்காவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; நீங்கள் அங்கே ஓரிரவு தங்குங்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக நகரம் அது. 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறுவரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை நடக்கும். கோலாலம்பூரில் பத்துமலையின் 272 படிகளை வெயிலுக்கு முன்பே ஏறி முருகனைக் கும்பிட்டு இறங்கிவிடுங்கள். சிங்கப்பூருக்கு விசா தேவை. இரு நாடுகளும் கேட்கும் இணைய வருகைப் படிவத்தை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது என்பதால் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். மலேசிய விசா நடைமுறை அவ்வப்போது மாறுவதால் சீட்டு எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காலணி பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூவைப் பத்து நாளாவது இங்கே போட்டு நடந்து பழக்கிய பிறகே கொண்டுபோங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஊர் மாறிக்கொண்டே இருக்கும்போது சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வீட்டிலிருந்து என்ன எடுத்துப்போகலாம்?
— வாசகி, ஆற்காடு

பதில்: காலை உணவு சேர்ந்த அறையாக எடுங்கள், ரயில் நாளில் சுவிட்சர்லாந்தின் கூப், மிக்ரோஸ் கடைகளில் ரொட்டியும் பழமும் தயிரும் வாங்கிக்கொள்ளலாம். இத்தாலியில் ரிசொட்டோ என்னும் சோற்றைப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள். பார்மசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதி சேர்த்துச் செய்யப்படுவது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேராத முறுக்கு எடுத்துப்போகலாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால், கோவா சேர்ந்த மக்கன்பேடாவை, எவ்வளவு ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும், பெட்டியில் வைக்க வேண்டாம்.

கேள்வி: மகளும் மருமகனும் நான்கு ஊர் சுற்றப் போகிறார்கள். தினமும் பேசச் சொன்னால், "குறுஞ்செய்தி அனுப்புகிறோம்" என்கிறாள். எனக்கு மனம் கேட்கவில்லை.
— ஒரு தாய், காட்பாடி

பதில்: உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே அவர்கள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காரும்போது உங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீடியோ அழைப்புக்காக அவர்கள் மாலையை முறிக்க வேண்டும், அல்லது நீங்கள் தூக்கத்தை முறிக்க வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி என்று பேசிக்கொள்ளுங்கள். விடுதி முகவரிகளையும் ரயில் நேரங்களையும் காப்பீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இருவர் பாஸ்போர்ட்டின் நகலும் உங்கள் பீரோவில் ஒன்று இருக்கட்டும். அங்கே பாஸ்போர்ட் தொலைந்துபோனால், இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெற நீங்கள் அனுப்பும் அந்த நகல் கைகொடுக்கும்.