கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இலங்கை ஏன் இரண்டே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனது?

இலங்கைக்கு மட்டும் இரண்டே ஆட்டம், இந்தியாவுக்கு எப்படி நேராக அடுத்த சுற்று என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் ஃபிஃபா தரவரிசை செய்கிற வேலைதான். 2026 உலகக் கோப்பைக்கு ஆசியாவில் 46 அணிகள். தரவரிசையில் முதல் 26 அணிகளுக்கு (இந்தியாவும் இதில் உண்டு) முதல் சுற்றே கிடையாது, 27 முதல் 46 வரை உள்ள 20 அணிகள் மட்டும் 2023 அக்டோபரில் ஜோடி ஜோடியாக மோதின. தன் ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று, இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்த்து ஜெயித்த பத்து அணிகள் மேலே போகும். இலங்கை ஏமனிடம் முதல் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்று, கொழும்பில் 1-1 எனச் சமன் செய்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது 2015-இல் நடந்த கூத்து. அப்போது ஃபிஃபாவின் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில், அதாவது 209-இல், இருந்த பூட்டான் கொழும்புக்கே வந்து 1-0 என இலங்கையை வீழ்த்தியது. அப்புறம் திம்புவில் 2-1, அந்த இரண்டு கோலும் சென்சோ கியெல்ட்ஷென் அடித்தவை. சரி, அடுத்த சுற்றில் என்ன கிடைத்தது? கத்தாரிடம் 0-15! இப்படிப்பட்ட மோதல்களைக் குறைக்கத்தான் முதல் சுற்று என்பார்கள். ஆனால் நான்கு வருடத்துக்கு இரண்டே ஆட்டம் என்பது ரொம்பக் கஞ்சத்தனம்.