ரிசர்வ்டு பிட்டை விட்டுவைப்பதா, பூஜ்யமாக்குவதா?

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் எடைமேடைக்கான பதிவுக் கருவி செய்யும் வாசகர் கேட்கிறார்: “பழைய எஸ்டி கார்டு டிரைவரைப் புதிய போர்டில் ஏற்றினோம். கார்டைக் கண்டுகொள்கிறது, ஆனால் எழுதுவது ஆமை வேகம். ரிசர்வ்டு பிட் (பிற்காலத் தேவைக்கென ஒதுக்கிய பிட்) எதையும் நாங்கள் தொடவில்லை. பூஜ்யமாக்க வேண்டுமா?”

தொடாமல் விட்டதே காரணமாக இருக்கலாம். எஸ்டி ஹோஸ்ட் கன்ட்ரோலர் (கார்டோடு பேசும் சுற்று) தரநிலையின் 2.00 பதிப்பில், கிளாக் கன்ட்ரோல் ரிஜிஸ்டரின் (முகவரி ஹெக்ஸ் 2சி) 7 முதல் 3 வரையுள்ள பிட்டுகள் ரிசர்வ்டு. 3.00 பதிப்பில் 7, 6 இரண்டும் வகுஎண்ணின் (கிளாக்கை வகுக்கும் எண்) மேல் பிட்டுகளாகிவிட்டன. 4.10-இல் 3ஆம் பிட் பிஎல்எல் (கிளாக்கை உருவாக்கும் சுற்று) எனேபிள்.

அடிப்படைக் கிளாக் 208 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கார்டை அடையாளம் காண 400 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்று பூட்லோடர் (முதலில் ஓடும் தொடக்க நிரல்) வகுஎண் 260 (கன்ட்ரோலர் இதன் இருமடங்கால் வகுக்கும்) போட்டிருக்கும். அது 8 பிட்டுக்குள் அடங்காது; 6ஆம் பிட் 1 ஆகும். பிறகு உங்கள் டிரைவர் 26 மெகாஹெர்ட்ஸ் கேட்டு 4 எழுதுகிறது, 6ஆம் பிட்டை அப்படியே காப்பாற்றுகிறது. ஹெக்ஸ் 0407 இருக்க வேண்டிய இடத்தில் 0447 நிற்கும். கிளாக் 400 கிலோஹெர்ட்ஸிலிருந்து அசையாது.

முதலில் ஹெக்ஸ் எஃப்ஈ-யில் உள்ள பதிப்பு ரிஜிஸ்டரைப் படியுங்கள். கீழ் பைட் 2 அல்லது அதற்கு மேல் என்றால் கிளாக் கன்ட்ரோலின் 15 முதல் 6 வரை முழுவதையும் ஒரே புலமாக மாஸ்க் செய்யுங்கள் (பழையதை அழித்துவிட்டுப் புதிய வகுஎண்ணை எழுதுங்கள்). 2ஆம் பிட்டை அணைத்து எஸ்டி கிளாக்கை நிறுத்திய பிறகே வகுஎண்ணை மாற்ற வேண்டும். உள் கிளாக் நிலைபெற்று 1ஆம் பிட் 1 ஆகும்வரை பொறுத்து, மறுபடி 2ஆம் பிட்டை 1 ஆக்குங்கள். லினக்ஸ் டிரைவர் இதற்கு 150 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கிறது.

அதற்காக எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். சிப் நிறுவனம் சொந்தமாகச் சேர்த்த ரிஜிஸ்டர்களில் ‘ரீசெட் மதிப்பைக் காக்கவும்’ என்றிருந்தால் படித்து, மாற்றி, எழுதுவதே சரி. எந்த நிகழ்வு நடந்தது என்று காட்டும் இன்டரப்ட் ஸ்டேட்டஸில் (ஹெக்ஸ் 30) அந்த முறை கெடுதல்: 1 எழுதினால்தான் பிட் அழியும் என்பதால், படித்ததைத் திருப்பி எழுதினால் இன்னும் கவனிக்காத இன்டரப்டுகளும் போய்விடும். அழிக்க வேண்டிய பிட்டை மட்டும் 1 ஆக்கி எழுதுங்கள்.

பஸ் 32 பிட்டாக மட்டுமே எழுதும் சிப் என்றால் கூடுதல் கவனம் தேவை. டிரான்ஸ்ஃபர் மோடும் (0சி) கமாண்டும் (0ஈ) ஒரே 32 பிட் வேர்டில் இருப்பதால், மோடை மாற்றப்போனாலே கமாண்ட் கிளம்பிவிடும். மோடை நினைவகத்தில் வைத்திருந்து, கமாண்டோடு சேர்த்து ஒரே தடவையில் எழுதுங்கள்.