அறிமுகமில்லாத மலை நீர்த்தேக்கத்தில் கூடாரமிட்டுத் தங்கி, ஈட்டியால் மீன் பிடிப்பதற்கு முன் எவற்றையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும்?

முதல் பயணத்துக்கு ஈட்டியைக் கொண்டு போகாதீர்கள் என்பதுதான் என் பதில். மூச்சடக்கி முக்குளித்து மீன் பிடிப்பதில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. இருந்தாலும் புதிய நீர்நிலைக்கு முதன்முறை போகும்போது முகமூடி, மூச்சுக்குழல், மிதவை, கயிறு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கையில் ஈட்டி இருந்தால் கண் மீனை மட்டுமே தேடும். நீருக்கடியில் கிடக்கும் மற்றவை கவனத்தில் படுவதில்லை.

புறப்படுவதற்கு முன்பே சட்டத்தை விசாரித்துவிடுங்கள். நன்னீரில் ஈட்டி எய்வது பல இடங்களில் முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அனுமதி உள்ள இடங்களிலும் பெரும்பாலும் கெண்டை போன்ற சில இனங்களை மட்டுமே பிடிக்கலாம். குடிநீருக்கான தேக்கமாக இருந்தால் நீரில் இறங்குவதே குற்றமாகலாம். தங்குவதற்கான அனுமதியை வேறொரு அலுவலகத்தில் தனியாகப் பெற வேண்டியிருக்கும்.

நீர்த்தேக்கம் என்பது மூழ்கிய பள்ளத்தாக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தயாராக வேண்டும். அணை கட்டுவதற்கு முந்தைய நிலவரைபடம் கிடைத்தால், பழைய ஆற்றின் தடம், சாலை, பாலம், வயல் எல்லை என எல்லாம் அதில் இருக்கும். வறட்சிக் காலத்தில் எடுத்த செயற்கைக்கோள் படங்களும் அதே அளவுக்கு உதவும். பழைய ஆறு அரித்த செங்குத்தான வெட்டுக்கரையும் ஓடை வந்து சேரும் இடமும் மீன் ஒதுங்கும் இடங்கள். பட்டுப்போன மரங்களும் அறுந்த வலைகளும் சிக்கிக் கிடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஒருமுறை ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்தில், பாசி படர்ந்து நீர்க்கொடியைப் போலவே அசைந்துகொண்டிருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு நகர முயன்றேன். அது பழைய தோட்டத்தின் முள்வேலி. என் துடுப்புக் காலணியின் வாரை அது பற்றிக்கொண்டது. மேலே மிதந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி உடனே இறங்கி வாரை அவிழ்த்ததால்தான் மேலே வந்தேன். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலிருந்து கண் எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அன்று முதல் ஒரு முறைகூட நான் தளர்த்தியதில்லை.

கரையை அடைந்ததும் பாறைகளில் வெளிறிய பட்டை எந்த உயரம் வரை போகிறது என்று பாருங்கள். நீர் எவ்வளவு ஏறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கூடாரம் அதற்கும் மேலேதான் இருக்க வேண்டும். நான் மாலையில் நீர் விளிம்பில் ஒரு முளைக்குச்சியை அடித்து வைப்பேன். ஓரிடத்தில் துளி மழையும் பெய்யாத இரவுக்குப் பின், விடியற்காலையில் அந்தக் குச்சியின் தலைக்கு மேல் இரண்டு சாண் தண்ணீர் நின்றது. மின்னுற்பத்திக்கான தேக்கங்களில் மேலணையின் திறப்பைப் பொறுத்து மட்டம் இப்படி மாறுவது இயல்பு. வறண்ட ஓடைப் படுகை, பட்டுப்போன மரத்தின் அடி, இரவில் குளிர்காற்று வந்து தேங்கும் கரையோரப் பள்ளம் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மதகு, கலிங்கு, நீர் உள்ளிழுக்கும் வாய் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. மேற்பரப்பு அசையாமல் இருக்கும்போதே அடியில் இழுவை ஓர் ஆளைப் பிடித்து நிறுத்திவிடும் என்பதால், எச்சரிக்கை மிதவைகளுக்கு வெகு தொலைவிலேயே நின்றுகொள்ளுங்கள்.

நீரில் இறங்கும் முன் அதன் நிறத்தைப் பாருங்கள். பச்சை வண்ணச் சாயம் ஊற்றியதுபோல் படலம் மிதந்தால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிறகு ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 3 மீட்டருக்குள் மறைந்துவிட்டால் நான் அந்த நீரில் ஈட்டி எய்வதில்லை, ஏனெனில் கூட்டாளி எங்கே இருக்கிறார் என்பதே அப்போது தெரியாது. கோடையில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் சில மீட்டர் கீழே சட்டென்று குளிர் தாக்கும் அடுக்கு இருக்கும்; தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைப் பறிப்பதால், தடித்த முக்குளிப்பு உடை அவசியம்.

உயரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், கடலில் மூச்சடக்கிய நேரத்தை அங்கே நம்பக் கூடாது. மேலே ஏறும் கடைசிச் சில மீட்டர்களில், நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும்போதுதான் நினைவு தப்புகிறது. அதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தோன்றாமல் போகலாம். மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது மூச்சுமுட்டும் உணர்வைத் தள்ளிப்போட்டு ஆபத்தைக் கூட்டும். நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது என்பதால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையையும் குறைத்தாக வேண்டும்.

திரும்பும்போது உடை, கயிறு, மிதவை எல்லாவற்றையும் கழுவி நன்கு உலர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அயல் சிப்பிக் குஞ்சுகள் ஈரத்தோடு அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். குறிப்பேட்டில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு ஆழத்துக்கும் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதி வையுங்கள். ஈட்டியோடு இரண்டாம் முறை போகும்போது மட்டம் 5 மீட்டர் ஏறியிருந்தால், 4 மீட்டரில் கண்ட வேலி அன்று 9 மீட்டரில் இருக்கும்.