பலாப்பழத்துக்கு யாரிடம் கேட்பது?

அன்புள்ள ஐயா,

நான் திருநகர்க்காரன், ஐ.டி. வேலை. நண்பர்கள் நாலு பேருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் ஹோம்ஸ்டே தொடங்க இடம் பார்க்கிறேன். மரம் வெட்டாமல், பிளாஸ்டிக் இல்லாமல், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுத்து நடத்த ஆசை. கொடைக்கானல் மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமும் உண்டு. இப்படிப்பட்ட சுற்றுலா மலைக் கிராமங்களை முன்னேற்றுமா? படிக்கப் புத்தகம் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிறுமலைக்குப் போய் வந்ததிலிருந்து நானும் இதையேதான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம்.

பிளாஸ்டிக் வேண்டாமென்றால் சொம்பில் தண்ணீர் கொடுங்கள், முடிந்தது. கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இருக்கிறது. வண்டிகளை அவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். 'வேலை கொடுத்து' என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, மதுரைக்காரர் ஒருவரின் காட்டேஜில் தங்கினோம். வாட்ச்மேன் அறுபது தாண்டியவர். அந்த இடமே முன்பு அவர் குடும்பத்துடையது. முடிக்கொத்து நோயில் மலைவாழை போய், கடன் ஏறி, விற்றுவிட்டார்கள். குதிரை முதுகில் தார் ஏற்றி இறக்கிய மனுஷர் இப்போது கேட்டைத் திறந்து மூடுகிறார். (அந்த மலைவாழைப் பழத்துக்குத்தான் 2008இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்.) வாசலில் அவருடைய அப்பா வைத்த பலா. பழம் பழுத்து வாசம் தூக்கியது. என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டாள். பெரியவர் முதலாளிக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பழத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "காலையில கேட்டுட்டு வெட்டித் தர்றேம்மா" என்றார்.

அந்தக் காட்டேஜில் மரம் வெட்டவில்லை. பிளாஸ்டிக் கிடையாது. வேலையும் உள்ளூர்க்காரருக்குத்தான். உங்கள் மூன்று நிபந்தனையும் பாஸ்!

சுற்றுலா ஒரே உத்தரவில் நின்றுபோகிற தொழில். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததும் மலையேற்றத்துக்குத் தடை வந்தது. அப்படி ஒரு நாளில் நிலம் வைத்திருக்கிறவன் மிளகைப் பறித்துப் பிழைத்துக்கொள்வான். நிலத்தை உங்களிடம் விற்றுவிட்டு உங்களிடமே சம்பளம் வாங்குகிறவன் எங்கே போவான்?

தேக்கடியைப் பாருங்கள். காட்டில் வயணை என்கிற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து, வழக்கு மேல் வழக்காக அலைந்தவர்களை 1990களின் பிற்பாதியில் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். இன்று பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போவதும் அவர்கள், ரோந்து போவதும் அவர்கள். வனத்துறையின் கை அங்கே ஓங்கித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் காட்டுக்குள் முன்னால் நடக்கிறவன் அந்த ஊர்க்காரன். பின்னால் போகிறவர் நம்மைப்போல் பணம் கட்டியவர்.

நல்ல பிள்ளைகள் நீங்கள், அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். இடம் வாங்காதீர்கள். மலைக்காரர் தன் வீட்டில் ஓர் அறையைத் தானே வாடகைக்கு விடட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த நீங்கள் புக்கிங் பார்த்துக் கொடுத்து அவரிடம் கமிஷன் வாங்குங்கள். நண்பர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, நாலு பேரில் எத்தனை பேர் மிச்சம் என்று எழுதுங்கள். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்.